அடுத்த அறையில் உன் குரல்

சாம்பலாகிக் கடலில் கரைந்த பிறகும் தெருத்தெருவாகப் பேசிக்கொண்டிருக்கிற என் அண்ணனுக்கு,

உன் நினைவுநாளுக்குச் சில நாள் முன்பு, நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கட்சியிலிருந்து வந்து கேட்டார்கள். "ஒரு பக்கம் போதும் சார். கொஞ்சம் உருக்கமா இருந்தா நல்லாருக்கும்" என்றார் வந்தவர். கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவனுக்கு உருக்கம் வராது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் எழுதக்கூடியதை அவர்கள் அச்சிடவும் மாட்டார்கள். ஆகவே, அந்த நாளும் கடந்துவிட்ட பிறகு, உனக்கே எழுதுகிறேன். இதை நானே அச்சடித்து முதலியார்பேட்டையில் வீடு வீடாகக் கொடுக்கப்போகிறேன். நீ மக்களின் சொத்து என்று உன் பாடையைத் தூக்கும்போது முழங்கினார்கள். அப்படியானால் அண்ணனுக்குத் தம்பி எழுதுவதை மக்களும் படிக்கலாம்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ இறந்ததாகச் சொல்லப்பட்ட நாளுக்கு முந்தைய பிற்பகலில் நம் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. குரல் உன்னுடையது. பேசியது நீ இல்லை. மேடையில் உனக்கு முன்னால் பேசிவந்த தணிகைவேல். இது எங்களுக்கு இந்த ஆண்டுதான் தெரிந்தது. எப்படித் தெரிந்தது, தெரிந்தபின் உன் மகள் என்ன செய்தாள் என்பதை உனக்குச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னால் தெருச் செய்தி. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் நம் தெருவில் உன்னைக் கூப்பிடுகிறார்கள். ஒரு வாசலிலிருந்து இல்லை, வாசலுக்கு வாசல். "எளவழுதீ... வா, வந்து கைகால் கழுவு." "டேய் எளவழுதி, ஒதபடுவ, சாக்கடையில கைய வைக்காத!" முதல் தடவை கேட்டபோது சைக்கிளிலிருந்து இறங்கி நின்றுவிட்டேன். உன் பெயரை இவ்வளவு உரிமையோடு நம் அம்மாகூடக் கூப்பிட்டதில்லை. எங்கிருந்தோ நீ "தோ வரேன்" என்று சொல்லிவிடுவாயோ என்று எனக்குப் பயமாக இருந்தது. சொன்னாய். ஒரு மூன்று வயதுக் குரலில்.

நீ இருந்தவரை, பிள்ளை பெற்றவர்கள் உனக்காகக் காத்திருப்பார்கள். தொட்டில் கட்டிவிடுவார்கள், பெயர் வைக்கமாட்டார்கள். மாதக்கணக்கில் "பாப்பா" என்றும் "குட்டி" என்றும் கிடந்த குழந்தைகள் உண்டு. நீ ஏதாவதொரு மேடையில் குழந்தையைக் கையில் வாங்கி ஒரு நல்ல தமிழ்ப் பெயரை மைக்கில் சொல்லுவாய். பிறகு அதே மைக்கில் தாய் ஒரு தடவை அந்தப் பெயரைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிட வேண்டும். அப்போதுதான் பெயர் நிலைத்ததாக நம் பக்கத்தில் எடுத்துக்கொள்வார்கள். எத்தனையோ பெயர்களைக் கொடுத்தாய். உன் பெயரை மட்டும் எந்தக் குழந்தைக்கும் வைத்ததில்லை.

இப்போது உன் இடத்தில் தணிகைவேல் நிற்கிறான். ஆண்குழந்தைக்கு அவனிடம் ஒரே பெயர்தான் இருக்கிறது. "அண்ணன் மறுபடியும் பொறந்துட்டாரு" என்று சொல்லி இளவழுதி என்று வைக்கிறான். கைதட்டல் அடங்க நேரமாகிறது. தெருவில் கறுப்பு இளவழுதி, டைலர் வீட்டு இளவழுதி, மூக்கொழுகி இளவழுதி என்று பிரித்துச் சொன்னால்தான் பிள்ளைகளை அடையாளம் தெரிகிறது. பாலர் பள்ளியில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் ஒரு வரிசையே எழுந்து நிற்கிறதாம். அங்கே வேலை செய்கிற அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓர் ஊர் செத்தவனை இத்தனை தடவை பெற்றெடுத்துக்கொண்டால், அவன் எப்படிச் செத்தான் என்று கேட்க யாருக்குத் தோன்றும்?

உன் குரலைப் பற்றி ஊருக்கு ஒரு கதை தெரியும். மில் வாசலில் ஒரு ஷிப்டு வெளியே வந்து இன்னொரு ஷிப்டு உள்ளே போகிற நேரத்தில், காலி எண்ணெய்ப் பீப்பாயின்மேல் ஏறி நின்று முதன்முதலாகப் பேசினாய். யாரோ ஒரு மைக்கைக் கொண்டுவந்து உன் கையில் கொடுத்தார்கள். வெளியே வந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை, உள்ளே போக வேண்டியவர்கள் போகவில்லை. அங்கிருந்து சங்கம், சங்கத்திலிருந்து கட்சி, எழுபதுகளில் சட்டமன்றம், கொஞ்சகாலம் தொழிலாளர் அமைச்சர். ஆட்சி கவிழ்ந்தது. மறுபடி நின்றாய், மறுபடி வென்றாய். நம் சட்டமன்றம் சிறியது. நாலு பேர் இடம் மாறி உட்கார்ந்தால் முதலமைச்சர் மாறிவிடுவார். உன்னை இடம் மாற்றிப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அண்ணி மோர் கொடுத்தாள். மோரைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

வீட்டுக்குத் தெரிந்த கதை வேறு. நீ திக்குவாய். நாம் இந்தத் தெருவுக்கு வருவதற்கு முன், சின்ன வயதில், தெருப்பிள்ளைகள் உன்னைப் போலப் பேசிக்காட்டினார்கள். அதனால் வெளியில் பேச்சையே சுருக்கிக்கொண்டாய். ஒரு தலையசைப்பு, ஒரு சொல், பிறகு மௌனம். கட்சிக்காரர்கள் அதைக் கம்பீரம் என்றார்கள், அதிகாரிகள் ஆழ்ந்த யோசனை என்றார்கள். மைக்கின் முன்னால் நின்றால் திக்கல் எங்கே போகுமோ தெரியாது. வீட்டு வாசற்படி ஏறியதும், அதுவரை உனக்காகக் காத்திருந்ததுபோல் வந்து ஒட்டிக்கொள்ளும்.

"த... த... தனம், உ... உப்பு" என்பாய். "சமையக்கட்டுல ஒரு மைக்கு வாங்கி வைக்கணும். அப்பதான் கொழம்புல உப்பு இல்லன்னு சொல்லி முடிப்பாரு" என்பாள் அண்ணி. முதலில் சிரிப்பவன் நீதான். உடம்பு சரியில்லாத நாட்களில் திக்கல் கூடிவிடும். காய்ச்சல் என்றால் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டு முடிப்பதற்குள் வியர்த்துப்போவாய். அதனால் அண்ணி உன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கமாட்டாள், உன் பேச்சைக் கேட்பாள். திக்கல் குறைந்தால் நீ தேறிவிட்டாய் என்று அர்த்தம். எங்களுக்கு அதுதான் உன் ஆரோக்கியத்தின் அளவுகோல்.

தணிகைவேல் உன் முன்பேச்சாளன். ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்கு நீ வந்துசேரத் தாமதமாகும்போது ஜனங்களைக் கலையவிடாமல் பிடித்து நிறுத்துவது அவன் வேலை. அதற்கு அவன் கண்டுபிடித்த வழி உன்னைப்போலவே பேசுவது. வாக்கியத்தின் நடுவில் நீ விடுகிற மூச்சு, "தோழர்களே" என்பதில் நீ கொடுக்கிற இழுப்பு, முடிப்பதற்கு முன் தொண்டையைச் செருமுவது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான். ஒருமுறை ஜீப்பிலிருந்து நாம் இறங்கும்போது, மேடையில் நீ பேசிக்கொண்டிருந்தாய். "நா... நான்தான் ஏற்கெனவே வ... வந்துட்டேன் போல. வா, போயிடலாம்" என்று என் காதோடு சொல்லிச் சிரித்தாய்.

அவன் அத்தனை ஆண்டுகள் உன்னோடு மேடையில் இருந்தான். நம் வீட்டில் கூடத்தைத் தாண்டி வந்ததில்லை. கூடத்தில் ஆட்கள் இருக்கும்வரை நீ வாய் திறப்பதும் இல்லை. ஆகவே உனக்கு இன்னொரு குரல் உண்டு என்பது அவனுக்குத் தெரியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் உங்கள் கட்சியின் ஆட்சிமீது அந்த நம்பிக்கை வாக்கெடுப்பு வந்தது. எதிர்த்தரப்பு யாரையும் இழுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று உங்கள் எல்லாரையும் கட்சியே வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே சவுக்குத் தோப்புக்குள் இருந்த ஒரு பங்களாவில் கொண்டுபோய் வைத்தார்கள். கேட்டில் ஆள், மதிலைச் சுற்றி ஆள். நம் ஊரில் இது வாடிக்கை. உறுப்பினர்களின் மனைவிமார் இதற்குப் பயப்படுவதில்லை, மாற்றுத் துணி கொடுத்தனுப்புவார்கள்.

வாக்கெடுப்புக்கு முந்தைய நாள் மதியம் உன் துணியை எடுத்துப்போகப் பங்களாவிலிருந்து டிரைவர் வந்தார். "ஐயாவுக்குக் காலையிலேந்து நெஞ்ச பிசையுதாம்மா. சோடா குடிச்சாரு, நிக்கல. டாக்டரு வேணான்னுட்டாங்க" என்றார்.

"யாரு வேணான்னது? அவரா?" என்று கேட்டாள் அண்ணி.

டிரைவர் பையை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டார். அண்ணி எனக்கு ஆள் அனுப்பினாள். நான் எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவரை அழைத்துக்கொண்டு வந்தேன். கார் வாசலில் நின்றது. அண்ணி ஒரு காலைப் படியில் வைத்திருந்தாள். அப்போது கூடத்தில் மணி அடித்தது.

அவள் ரிசீவரை எனக்கும் கேட்கும்படி கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். "தனம், அஞ்ச வேண்டாம்" என்றது உன் குரல். "வெறும் வாயுத் தொல்லை. மருத்துவர் யாரும் வர வேண்டாம். தம்பியையும் அனுப்பாதே. நாளை வாக்கெடுப்பு முடிந்ததும் வெற்றியோடு வீடு திரும்புவேன்." பிறகு தொண்டையைச் செருமுகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

அண்ணியின் முகம் மலர்ந்தது. "திக்கவே இல்ல, தம்பி" என்றாள். "ஒரு எழுத்து கூட திக்கல. நல்லா தெம்பாதான் இருக்காரு." மருத்துவர் வீட்டுக்குப் போனார். கொடுத்தனுப்ப மறந்த உன் துண்டை அண்ணி துவைத்துப் போட்டாள்.

இந்த ஊரில் வேறு எந்த வீட்டிலும் இப்படி நேர்ந்திருக்காது. வேறொருத்தியாக இருந்தால், கணவன் மேடைத் தமிழில் பேசுகிறாரே என்று சந்தேகப்பட்டிருப்பாள், ஒரு நடை போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பியிருப்பாள். பக்கத்தில் ஆட்கள் நிற்கிறார்கள், அதனால் அப்படிப் பேசுகிறாய் என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். தடையில்லாத பேச்சு நல்ல உடம்புக்கு அடையாளம் என்று நம்பிப் பழகிய வீடு நம்முடையது ஒன்றுதான். அவன் அதை அறிந்து செய்யவில்லை. அறியாமல் செய்தது அவனுக்கு எவ்வளவு பொருத்தமாக விழுந்தது பார்.

மறுநாள் காலை உன்னைக் கொண்டுவந்தார்கள். விடியற்காலையில், தூக்கத்திலேயே போய்விட்டாய் என்றார்கள். அதே மருத்துவர் வந்து உன் கையை மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. "காலையில போன ஒடம்பு இல்ல சார் இது" என்று என்னிடம் மெல்லச் சொன்னார். அதற்குள் முழக்கம் தொடங்கிவிட்டது. சட்டமன்றம் உனக்கு இரங்கல் தெரிவித்து ஒத்திவைக்கப்பட்டது. கிடைத்த இடைவெளியில் எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு பேரை இழுத்துவந்து ஆட்சியைக் காப்பாற்றிக்கொண்டார்கள். உயிரோடு இருந்தால் ஒரு வாக்குத்தான் கொடுத்திருப்பாய்.

உன் இடத்துக்குத் தணிகைவேல் நின்றான். முதல் கூட்டம் நம் தெருமுனையில். உன்னைக் கருவடிக்குப்பத்தில் எரித்துவிட்டு வந்து அதிக நாள் ஆகவில்லை. நான் அண்ணியோடு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒலிபெருக்கியில் நீ பேசினாய். மில்லைப் பற்றிப் பேசினாய், துரோகிகளைப் பற்றிப் பேசினாய், உன் சாவைப் பற்றிக்கூடப் பேசினாய். அண்ணி எழுந்து போய் அடுப்பை மூட்டி உலை வைத்தாள். "செருமிட்டாரு. பேச்சு முடிச்சுட்டு வந்துடுவாரு" என்றாள். சொல்லி முடித்ததும் தன் கையிலிருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த அரிசியை உலையில் போடவும் இல்லை, திரும்பக் கொட்டவும் இல்லை.

அவன் வென்றான். இப்போது அமைச்சர். அடுத்த தேர்தல் நெருங்கிவிட்டது.

உனக்குத் தெரியாத செய்தி இனிமேல்தான். உன் மகள் பூங்கொடிக்கு ஆண்குழந்தை பிறந்திருக்கிறது. தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். அவள் கணவன் ஆறுமுகம் அரசாங்கத்தில் தினக்கூலி எலக்ட்ரீஷியன். நீ பார்த்து முடித்த சம்பந்தம்தான். அவனோடு வேலைக்குச் சேர்ந்தவர்களெல்லாம் நிரந்தரமாகிவிட்டார்கள்.

பங்குனி வெயிலில் ஒரு மதியம் தணிகைவேல் வீட்டுக்கு வந்தான். உன் நாற்காலியில் உட்கார்ந்தான். "இத்தன புள்ளைங்களுக்கு அண்ணன் பேர வச்சேன். சொந்தப் பேரனுக்கு வைக்கலன்னா ஊரு என்னா சொல்லும் சார்? நெனவுநாள் கூட்டத்துல நம்ம கையால வச்சுடலாம்" என்றான். பிறகு ஆறுமுகத்தைப் பார்த்தான். "ஆவணி பொறந்தா நீ பர்மனென்ட்டு. போதுமாய்யா?" ஆறுமுகம் எழுந்து கைகட்டி நின்றான்.

"பேரு வைக்கறது பெத்தவ உரிம இல்லையா?" என்று கேட்டேன். "சாரு இன்னும் காலேஜிலேந்து எறங்கி வரல" என்று அவன் எல்லாரையும் பார்த்துச் சிரித்தான்.

அப்போது தொட்டிலில் குழந்தை அழத் தொடங்கியது. அவனே எழுந்து போய்த் தொட்டில் சேலையை விலக்கிக் குனிந்தான். குனிந்து, உன் குரலில் பேசினான். "அஞ்ச வேண்டாம். அழுகையை நிறுத்து. தாத்தா வெற்றியோடு வீடு திரும்பிவிட்டேன்."

குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டது. சமையலறையில் காப்பி ஆற்றும் சத்தமும் நின்றது.

அண்ணி வெளியே வந்தாள். கையில் காப்பி இல்லை. முகவரி விசாரிப்பவள்போல நிதானமாகக் கேட்டாள். "போன்ல பேசுனது நீங்கதானா?"

"எந்த போன் அண்ணி?"

"அவரு போனதுக்கு மொத நாளு மத்தியானம். அஞ்ச வேண்டாம்னு சொன்னீங்களே."

"அது அண்ணனாச்சே! நீங்களே வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லுவீங்களே, கடைசியா தெம்பா பேசுனாருன்னு."

"அவரு என்கிட்ட ஒரு நாளும் தெம்பா பேசுனதில்ல" என்றாள் அண்ணி.

அவனுக்கு அது புரியவில்லை. ஆனால் அவன் கண் கூடத்து மூலையிலிருந்த தொலைபேசிக்குப் போய்த் திரும்பியது. எனக்குக் கிடைத்த ஒப்புதல் அவ்வளவுதான். "அண்ணிக்கு வயசாயிடுச்சு. கூட்டத்துக்கு வண்டி அனுப்பறேன் சார்" என்று தன் சொந்தக் குரலில் சொல்லிவிட்டுப் புறப்பட்டான். அவன் சொந்தக் குரல் எவ்வளவு மெலிந்தது என்பதை அன்றுதான் கவனித்தேன்.

அந்த டிரைவர் இப்போது கதிர்காமத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். தேடிப் போய்க் கேட்டேன். பங்களாவில் தொலைபேசி கூடத்தில் இருந்ததாம். உன்னை அதை ஒட்டிய அறையில் படுக்கவைத்திருந்தார்களாம். இடையில் கதவு இல்லை, துணித் திரைதான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கேட்டைத் திறக்க வேண்டும், திறந்தால் மற்றவர்களும் வெளியே போவார்கள் என்று அங்கே பேச்சு நடந்ததாம். அதற்குமேல் தனக்குத் தெரியாது என்றார். தெரிந்தாலும் சொல்லமாட்டார்.

அண்ணா, அந்த நேரத்தில் உனக்கு உயிர் இருந்ததா? திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து உன் குரல், நீ நலமாக இருப்பதாக, யாரும் வர வேண்டாம் என்று, உன் மனைவியிடம் சொல்வதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாயா? மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தாயா? முதல் எழுத்திலேயே நின்றுவிட்டதா?

வழக்கறிஞரிடம் போனேன். "செத்தவரு கொரலு செத்தவரு கொரல் மாதிரியே இருந்துச்சுன்னு வாக்குமூலம் கொடுக்கப்போறீங்களா சார்? ஜட்ஜு பாவம், சிரிப்ப அடக்கணுமே" என்றார். அவர் சொன்னது சரி. உன்னைச் சாகவிட்டதற்குச் சட்டத்தில் இடமிருக்கலாம். உன்னைப்போலப் பேசியதற்கு இல்லை.

வீட்டில் ஆறுமுகம் கெஞ்சினான். "பெரிய மாமா போயிட்டாரு. இருக்கறவங்க பொழைக்க வேணாமா மாமா? வெறும் பேருதானே. நாளைக்கு வேற பேரு சொல்லி கூப்டுக்கலாம்." அவன்மீது எனக்குக் கோபம் இல்லை. என் கோபம் சிதறிப்போகிற கோபம் இல்லை. யாரும் கூட்டத்துக்கே போகக் கூடாது என்றேன் நான். பால் கொடுத்துக்கொண்டிருந்த பூங்கொடி நிமிர்ந்து பார்த்தாள்.

"நா... நான் மே... மேடை ஏறுறேன், சித்தப்பா."

உன் திக்கல் அவளுக்கு வந்திருப்பதை நீ அறிவாய். நீ போன பிறகு அது கூடிப்போனதை அறியமாட்டாய். கடைக்குப் போனால் பொருளைக் கையால் காட்டித்தான் வாங்குவாள். புகுந்த வீட்டில் முதல் வருடம் முழுவதும் அவளை ஊமை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்துக்கு நல்ல கூட்டம். உன் படத்தைச் சுற்றிக் குழல்விளக்கு கட்டியிருந்தார்கள். படத்துக்கு மாலை இல்லை. அவன் உன் படங்களுக்கு மாலை போடவிடுவதில்லை. மாலை போட்டால் நீ இறந்துவிடுவாய். முன்வரிசையில் அண்ணியும் நானும் ஆறுமுகமும் உட்கார்ந்திருந்தோம். தணிகைவேல் உன் பேரனைக் கையில் ஏந்தி, மைக்கருகே குனிந்து, "இளவழுதி!" என்றான் உன் குரலில். மைதானத்தின் இருட்டிலிருந்து, அங்கிருந்தும் இங்கிருந்தும், "ஆங்", "இன்னா?", "தோ" என்று சின்னச் சின்னக் குரல்கள் பதில் சொல்லின. தாய்மார் அந்த வாய்களைப் பொத்தினார்கள். கூட்டம் சிரித்தது.

பிறகு வழக்கப்படி மைக்கைப் பூங்கொடியின் பக்கம் திருப்பினார்கள். அவள் பெயரைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிட வேண்டும்.

"எ..." என்றாள். நின்றுவிட்டது. "எ... எ..." அப்பாவை நினைத்துத் தொண்டை அடைக்கிறது என்று எல்லாரும் எண்ணினார்கள். "அழுவாத கண்ணு, சொல்லு" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. தணிகைவேல் உதவிக்கு வந்தான். அவள் விட்ட இடத்திலிருந்து "இளவ—" என்று எடுத்துக்கொடுத்தான். அவள் உள்ளங்கையால் மைக்கை மூடினாள். அவன் வாயை மூடும்வரை அப்படியே நின்றாள். பிறகு கையை எடுத்தாள்.

"எ... எங்கப்பா இ... இப்படித்தான் பே... பேசுவாரு. வீட்டுல. எங்கம்மாகிட்ட தி... திக்காம ஒரு வா... வார்த்த பேசுனதில்ல. அ... அவரு சாவறதுக்கு மொ... மொத நாளு போன் வந்துது. டா... டாக்டரு வேணாம், யா... யாரும் வ... வராதீங்கன்னு. தி... திக்காம பேசுனாரு. அ... அது யாருன்னு இவர கே... கேளுங்க."

அவள் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அந்த நேரம் முழுவதும் ஒருவர்கூட இருமவில்லை. எதிர்வீட்டு சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற அந்தப் பெரியவர், பிறகு வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றிவிட்டு அண்ணியிடம் சொன்னார். "சைகோன்ல குண்டு விழறதுக்கு முன்னால இப்படி ஒரு அமைதி வரும், மதாம். அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் கேட்டேன்."

யாரோ மைக்கின் இணைப்பைப் பிடுங்கிவிட்டார்கள். தணிகைவேல் கையை உயர்த்தி, "தோழர்களே" என்றான். உன் இழுப்பு இருந்தது, உன் மூச்சு இருந்தது, குரல் மட்டும் வரவில்லை. மைக் இல்லாமல் அது அவனுடைய மெலிந்த குரலாகவே மூன்றாவது வரிசையோடு நின்றுபோயிற்று. பழைய மில் தொழிலாளி ஒருவர் முன்வரிசைக்கு நடந்து வந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார். "எந்த போனுய்யா? அத சொல்லிட்டு மேல பேசு." பூங்கொடி அவன் கையிலிருந்து தன் பிள்ளையை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

கலகம் எதுவும் நடக்கவில்லை. கற்பனை செய்துகொள்ளாதே. ஜனங்கள் கலைந்து போனார்கள். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. மறைந்த தலைவரின் பேரனுக்கு அமைச்சர் இளவழுதி எனப் பெயர் சூட்டினார் என்று கீழே போட்டிருந்தார்கள். அந்த வாரமே ஆறுமுகத்தை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை செய்கிறான். என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. பூங்கொடியோடு பேசுகிறான். அவள் சொல்லி முடிக்கும்வரை நிற்கிறான். முன்பு நிற்கமாட்டான்.

நம் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக அண்ணியிடம் வருகிறார்கள். தொலைபேசியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. "மெய்யாவா தனம்? அவரா திக்குவாரு?" என்றுதான் கேட்கிறார்கள். "தலைவரப் போயி திக்குவாயின்னு சொன்னா வாயி அழுகிடும்" என்று ஒருத்தி சண்டைக்கே வந்துவிட்டாள். உன்னைச் சாகவிட்டார்கள் என்பதை நம்ப அவர்களுக்குச் சிரமம் இருக்கவில்லை. நீ திக்கினாய் என்பதைத்தான் நம்ப முடியவில்லை. அதனால்தான் இதை அச்சில் எழுதுகிறேன். ஆம், என் அண்ணன் திக்குவான். திக்கியது அவன். திக்காமல் பேசியது வேறொருவன்.

உன் பேரனுக்குப் பூங்கொடி பெயர் வைத்துவிட்டாள். மைக் இல்லாமல், கைதட்டல் இல்லாமல், ஒரு காலையில் அவன் காதருகே. அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். அச்சில் வந்த பெயரை இந்த ஊரில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்த கூட்டம் கருவடிக்குப்பத்தில் என்று சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். மைக்கைச் சரி செய்துவிட்டார்கள். நீ மறுபடி பேசப்போகிறாய். அண்ணி, பூங்கொடி, நான் மூவரும் போய் முன்வரிசையில் உட்காருவோம். அவன் உன் குரலில் தொடங்கியதும் பூங்கொடி எழுந்து அதே கேள்வியைக் கேட்பாள். அதற்கு அடுத்த கூட்டத்திலும் கேட்பாள். எவ்வளவு நேரம் ஆனாலும் அவளே கேட்டு முடிப்பாள். அவள் எந்த எழுத்தில் நின்றாலும் நான் எடுத்துக்கொடுக்கமாட்டேன், யாரையும் எடுத்துக்கொடுக்க விடவும் மாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

நீ கிடந்த வயிற்றிலேயே கிடந்த,
உன் தம்பி
நடராசன்